நவீன பயங்கரவாதத்தின் மாற்றங்களும் நோக்கங்களும்: பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை முன்வைத்து

பயங்கரவாதம் என்பது அரசியல், இன, சமய அல்லது கொள்கை நோக்கம் ஒன்றுக்காக வன்முறையைப் பயன்படுத்தி, அதன்மூலம் நேரடியாகத் தாக்கப்படாத மக்களையும் அரசையும் அச்சுறுத்தும் செயலாகும். தாக்கப்படுபவர் ஒருவர், செய்தி சென்று சேர வேண்டியவர் வேறொருவர். பயங்கரவாதத்தைச் சாதாரணக் கொலையிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுவே. கடந்த 150 ஆண்டுகளில் இதன் கருவிகளும் இலக்குகளும் நோக்கங்களும் பலமுறை மாறியுள்ளன. அந்த மாற்றங்களில் இரண்டு, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் எல்லைக்குள் ஏழு ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்தன. ஒன்று 1984-இல் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நடந்த குண்டுவெடிப்பு. மற்றொன்று 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியின் படுகொலை.

பழைய செங்கல்பட்டு மாவட்டம் இன்றைய மாவட்டத்தைவிடப் பன்மடங்கு பெரியது. வடக்கே கும்மிடிப்பூண்டி முதல் தெற்கே மதுராந்தகம் வரை, சென்னை நகரைச் சூழ்ந்து கிடந்தது. 1997-இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. மாமல்லபுரம், கல்பாக்கம், கோவளம் ஆகிய கடற்கரை ஊர்கள் இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளன.

சொல்லும் பொருளும்

பயங்கரம் என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல், அரசியல் வழக்கில் முதலில் ஓர் அரசின் செயலையே குறித்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793–94-இல் புரட்சி அரசு தன் எதிரிகளைக் கில்லட்டினுக்கு அனுப்பிய காலம் ‘பயங்கர ஆட்சி’ எனப்பட்டது. அரசை எதிர்ப்பவர்களின் வன்முறையைக் குறிக்கும் இன்றைய பொருள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது.

தமிழில் தீவிரவாதம், பயங்கரவாதம் என்ற இரு சொற்களும் இன்று கலந்தே வழங்குகின்றன. ஆனால் பள்ளி வரலாற்று நூல்களில் ‘மிதவாதிகள், தீவிரவாதிகள்’ என்ற பிரிவு வேறொன்றைக் குறிக்கும். 1907-இல் சூரத்தில் பிளவுபட்ட காங்கிரசில் திலகரையும் வ. உ. சிதம்பரனாரையும் போன்றோர் தீவிரவாதிகள் எனப்பட்டனர். அவர்கள் கோரியது உறுதியான அரசியல் போராட்டம். எனவே தீவிரமான கருத்து உடையவர் எல்லாம் பயங்கரவாதி அல்லர். இந்த வேறுபாட்டை மறக்கும்போது குழப்பம் உண்டாகிறது. சில நேரங்களில் அநீதியும் உண்டாகிறது.

உலக நாடுகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட வரையறை இதுவரை இல்லை. ஒரு தரப்பு பயங்கரவாதி என்பவரை மறுதரப்பு விடுதலை வீரர் என்று கொண்டாடுவது இதற்கு முக்கியக் காரணம்.

முதற்கட்டம்: குறித்த ஒருவர் மீதான தாக்குதல்

1867-இல் ஆல்பிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். சுரங்கத்திற்கும் பாதை வெட்டுவதற்கும் பயன்பட்ட அந்தப் பொருள், சிறு குழுக்களின் கையில் பெரும் அழிவாற்றலைக் கொடுத்தது. 1881-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர், ‘மக்கள் விருப்பம்’ என்ற குழுவினரின் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். அடுத்த முப்பது ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மன்னர்களும் தலைவர்களும் தொடர்ந்து குறிவைக்கப்பட்டனர். 1901-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மெக்கின்லி சுடப்பட்டு இறந்தார். 1914-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்டது முதல் உலகப் போருக்கு உடனடிக் காரணமானது.

தமிழகத்தில் இக்கட்டத்தின் நிகழ்வு 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் நடந்தது. திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷைச் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்று, தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். பிரிட்டிஷ் அரசு இதைப் பயங்கரச் செயலாகப் பதிவு செய்தது. விடுதலை பெற்ற நாட்டில் அந்த நிலையம் ‘வாஞ்சி மணியாச்சி’ எனப் பெயர் பெற்றது. ஒரே செயல் இரு பெயர் பெறுவதற்கு இது தமிழர் அறிந்த எடுத்துக்காட்டாகும்.

இக்கட்டத் தாக்குதல்களுக்குப் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. தாக்குபவர் தம் இலக்கைப் பெயர் சொல்லி அறிந்திருந்தார். இலக்கானவர் ஆட்சியாளர் அல்லது அதிகாரி. அக்கம்பக்கத்தார் சாகக்கூடாது என்று தயங்கித் திரும்பியவர்களும் ரஷ்யக் குழுக்களில் உண்டு. இந்தத் தயக்கம் பின்னர் படிப்படியாக மறைந்தது.

நான்கு அலைகள்

அமெரிக்க அரசியல் அறிஞர் டேவிட் ராப்போபோர்ட் நவீன பயங்கரவாதத்தை நான்கு அலைகளாகப் பகுத்தார். 1880-களில் தொடங்கியது அரசே வேண்டாம் என்ற கொள்கையினரின் அலை. 1920-களில் தொடங்கியது காலனி எதிர்ப்பு அலை. 1960-களில் இடதுசாரி அலையும், 1979-க்குப் பின் சமய அலையும் எழுந்தன. ஒவ்வோர் அலையும் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், அதாவது நாற்பது ஆண்டுகள் நீடிக்கும் என்பது அவர் கருத்து.

இப்பகுப்பு பயனுள்ளது, ஆனால் எல்லா நிகழ்வுகளும் இதற்குள் அடங்குவதில்லை. 1970-களிலும் 1980-களிலும் இலங்கையில் எழுந்த தமிழ் ஆயுதக் குழுக்களின் அடிப்படை நோக்கம் தனிநாடு. அவற்றுள் பல இடதுசாரிச் சொற்களைப் பேசின. சமயம் அவற்றின் கொள்கையில் இடம்பெறவில்லை. இருந்தும் சமய அலைக்கு உரியது எனப் பலர் கருதும் தற்கொலைத் தாக்குதலை விடுதலைப் புலிகள் தொடர்ந்து கையாண்டனர்.

மீனம்பாக்கம், 1984

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறை தமிழக மக்களை உலுக்கியது. கடல் கடந்து அகதிகள் வந்தனர். ஆயுதக் குழுக்களின் தலைவர்களும் சென்னையில் தங்கினர். இந்திய அரசின் உளவு அமைப்பு அக்குழுக்களுக்குப் பயிற்சி அளித்தது. பொதுமக்களின் ஆதரவும் அவற்றுக்கு இருந்தது.

1984 ஆகஸ்ட் 2 அன்று இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. 33 பேர் இறந்தனர். இறந்தவர்களுள் இலங்கைப் பயணிகளும் இருந்தனர். தமிழ் ஈழ இராணுவம் என்ற சிறு குழுவின் மீது குற்றம் சாட்டப்பட்டது. கொழும்பு செல்லும் விமானத்திற்குப் பயணச்சீட்டு வாங்கிய ஒருவர் பெட்டிகளைப் பதிவு செய்துவிட்டு விமானத்தில் ஏறவில்லை. கொழும்பில் வெடிக்க வேண்டும் என்று வைக்கப்பட்ட வெடிபொருள் மீனம்பாக்கத்திலேயே வெடித்தது. தொலைபேசியில் எச்சரிக்கை வந்திருந்தும் பெட்டிகள் உரிய நேரத்தில் அப்புறப்படுத்தப்படவில்லை.

இந்நிகழ்வில் இரண்டு மாற்றங்களைக் காணலாம். முதலாவது, இலக்கானவருக்குப் பெயர் இல்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்றவர் எவரோ அவரே பலியானார். இரண்டாவது, தாக்குபவர் அங்கு இருக்கத் தேவையில்லை. கடிகாரம் அவர் வேலையைச் செய்தது. ஆனால் கடிகாரத்திற்குப் பெட்டி விமானத்தில் ஏறாதது தெரியாது. ஆதரவு தந்த மண்ணிலேயே அது வெடித்தது.

ஓராண்டு முடியும் முன்னரே இதே முறை வேறிடத்தில் பெருங்கேடு விளைவித்தது. 1985 ஜூன் 23 அன்று கனடாவிலிருந்து வந்த ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம் அயர்லாந்துக் கடற்பகுதியின் மேல் வெடித்துச் சிதறி, 329 பேர் இறந்தனர். அங்கும் பெட்டி ஏறியது. பெட்டிக்கு உரியவர் ஏறவில்லை. 1988-இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகரின் மேல் வெடித்த விமானத்திலும் ஆளில்லாத பெட்டியே குண்டைச் சுமந்தது. பயணி ஏறாவிட்டால் அவர் பெட்டியை இறக்கிவிட வேண்டும் என்ற விதி இன்று சர்வதேச விமானப் பயணங்களில் பின்பற்றப்படுகிறது. புறப்பாடு தாமதமாகும்போது சலிப்படையும் பயணிகள் பலருக்கு அதன் பின்னாலுள்ள இந்த வரலாறு தெரிவதில்லை.

ஸ்ரீபெரும்புதூர், 1991

1987 ஜூலை 29 அன்று இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை சில மாதங்களில் விடுதலைப் புலிகளுடன் போரிடத் தொடங்கியது. 1990 மார்ச்சில் படை திரும்பும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தனர். ஈழத் தமிழ்ப் பொதுமக்களும் பெரும் உயிரிழப்பைச் சந்தித்திருந்தனர். 1990 ஜூன் 19 அன்று, ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியின் தலைவர் பத்மநாபாவும் அவர் தோழர்களும் சென்னை கோடம்பாக்கத்தில் சுட்டுக்கொல்லப்பட்டனர். தமிழர் குழு ஒன்று தமிழர் குழு மற்றொன்றைத் தமிழகத் தலைநகரிலேயே அழித்த நிகழ்வு அது.

1991 மே மாதத் தொடக்கத்தில் விடுதலைப் புலிகளின் குழு ஒன்று படகில் வந்து கோடியக்கரைப் பகுதியில் இறங்கியது. மே 7 அன்று சென்னையில் வி. பி. சிங் கலந்துகொண்ட கூட்டத்தில் அக்குழு ஒத்திகை பார்த்தது. மே 21 அன்று இரவு பத்து மணிக்குப் பின், ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்திற்கு வந்த ராஜீவ் காந்தியை மாலையுடன் நெருங்கிய இளம்பெண், காலைத் தொட்டு வணங்குவதுபோல் குனிந்து, உடலில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்தார். ராஜீவ் காந்தியுடன் காவலர்கள், கட்சித் தொண்டர்கள், ஒரு சிறுமி உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நிகழ்வைப் படம் எடுக்கச் சதிக்குழு அழைத்து வந்த புகைப்படக்காரரும் வெடிப்பில் இறந்தார். அவருடைய கேமரா சேதமின்றிக் கிடந்தது. அதிலிருந்த படச்சுருளே மாலையுடன் நின்ற பெண்ணையும் அவருடன் வந்தவர்களையும் காட்டிக்கொடுத்தது. டி. ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு அப்படங்களைக் கொண்டே வழக்கை நகர்த்தியது. தேடப்பட்டவர்களில் முதன்மையானவரான சிவராசன், அதே ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரு அருகே காவல்படை சூழ்ந்துகொண்டபோது தற்கொலை செய்துகொண்டார்.

மீனம்பாக்கத்துடன் ஒப்பிட்டால் மாற்றம் தெளிவாகத் தெரியும். கடிகாரம் செய்யும் பிழையை மனிதர் செய்வதில்லை. மனிதக் குண்டு காத்திருக்கும், இடம் மாறும், நெருங்கும். 1983 அக்டோபரில் பெய்ரூட்டில் வெடிபொருள் நிரப்பிய லாரியை அமெரிக்கப் படை முகாமுக்குள் ஓட்டிச் சென்று 241 வீரர்களைக் கொன்றனர். 1987 ஜூலை 5 அன்று யாழ்ப்பாணம் நெல்லியடியில் விடுதலைப் புலிகளும் அவ்வாறே ஓர் இராணுவ முகாமைத் தாக்கினர. லாரியில் சென்ற குண்டு, ஸ்ரீபெரும்புதூரில் சல்வார் கமீசுக்கும் மாலைக்கும் பின்னால் மறைந்து வந்தது. மாலையிடுவதும் காலில் விழுவதும் இங்குள்ள மரியாதை வழக்கங்கள். தலைவர்களை மக்கள் தடையின்றி நெருங்கிய காலம் அந்த இரவோடு முடிந்தது. இன்று தேர்தல் கூட்டங்களில் காணும் தடுப்புக் கட்டைகளும் சோதனைக் கருவிகளும் அதன் பின்விளைவே.

நோக்கங்கள்: மூன்று அடுக்குகள்

பயங்கரவாதத்திற்கு வறுமையே காரணம், மதவெறியே காரணம், மனநோயே காரணம் என ஒற்றைக் காரணம் கூறுவது வழக்கம். ஆய்வுகள் இவற்றை உறுதிசெய்யவில்லை. பல அமைப்புகளின் தலைவர்களும் உறுப்பினர்களும் படித்தவர்கள், நடுத்தரக் குடும்பத்தினர். நோக்கத்தை மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பார்ப்பது தெளிவு தரும்.

முதல் அடுக்கு, சமூகத்தின் மனக்குறை. இலங்கையில் 1956-இன் சிங்களம் மட்டும் சட்டம், 1970-களின் பல்கலைக்கழகத் தரப்படுத்தல், 1981-இல் யாழ்ப்பாண நூலக எரிப்பு, 1983 ஜூலை வன்முறை ஆகியவை உண்மையான அநீதிகள். மனக்குறை உண்மையாக இருப்பதால் வன்முறைப் பாதை நியாயமாகிவிடாது. பாதை தவறானதால் மனக்குறை பொய்யாகிவிடவும் இல்லை.

இரண்டாவது அடுக்கு, அமைப்பின் கணக்கு. அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் பேப், 1980 முதல் 2003 வரை உலகில் நடந்த 315 தற்கொலைத் தாக்குதல்களை ஆராய்ந்தார். அவற்றுள் 76 விடுதலைப் புலிகள் நடத்தியவை. அந்நியப் படையைத் தம் மண்ணிலிருந்து வெளியேற்றுவதே இத்தகைய தாக்குதல்களின் முதன்மை நோக்கம் என்றார் அவர். இம்முடிவை மறுப்போரும் உளர். ஆனால் அமைப்புகள் வெறியில் அல்ல, கணக்குப் போட்டே இயங்குகின்றன என்பதைப் பலரும் ஏற்கின்றனர். ராஜீவ் காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்தால் இந்தியப் படை திரும்ப வரக்கூடும் என்ற அச்சமும், பழைய போரின் பகையும் 1991 சதியின் பின்னணியாக நீதிமன்றத்தில் பேசப்பட்டன.

மூன்றாவது அடுக்கு, தனிமனிதரின் பிணைப்பு. ஒருவர் கொள்கை நூலைப் படித்துவிட்டு நேரே குண்டைக் கட்டிக்கொள்வதில்லை. நண்பர், உறவினர், உடன் படித்தவர் என்ற வட்டம் அவரை உள்ளே இழுக்கிறது. இழந்த உறவுகளின் துயரம் அவரை அங்கே நிறுத்துகிறது. மனக்குறை கொண்டவர் இலட்சக்கணக்கானோர். அவர்களுள் ஆயுதம் எடுத்தவர் மிகச் சிலர். அந்தச் சிலரைப் பிரித்தெடுப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது அடுக்கே.

சட்டம் கண்ட விடை

1984-க்குப் பின் 1985-இல் தடா சட்டம் வந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கு அச்சட்டத்தின்கீழ், பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊரான பூந்தமல்லியில் அமைந்த தனி நீதிமன்றத்தில் நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று விசாரிக்கப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைப் பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்து, நால்வருக்கு மரண தண்டனையை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள் தண்டனை அளித்தது.

அத்தீர்ப்பில் பலர் கவனிக்காத பகுதி ஒன்று உள்ளது. இக்கொலை தடா சட்டத்தின்படி பயங்கரவாதச் செயல் அன்று என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அரசை மிரட்டுவதோ மக்களிடையே அச்சத்தை விதைப்பதோ சதிகாரர்களின் நோக்கம் என்பதற்குச் சான்று இல்லை, குறிப்பிட்ட ஒருவரைக் கொல்வதே நோக்கம் என்பது அதன் முடிவு. நாடு முழுவதையும் அதிரச் செய்த நிகழ்வு, சட்டத்தின் பார்வையில் கொலையும் சதியுமாகவே நின்றது. பயங்கரவாதத்தைத் தீர்மானிப்பது விளைந்த அச்சமா, செய்தவரின் நோக்கமா என்ற கேள்வி இங்கு எழுகிறது. மரண தண்டனைகள் பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டன. 2022-இல் எஞ்சிய எழுவரும் விடுதலையாயினர்.

தடா 1995-இல் காலாவதியானது. 2002-இல் வந்த பொடா 2004-இல் நீக்கப்பட்டது. இன்று 1967-இன் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமே திருத்தங்களுடன் நடைமுறையில் உள்ளது. விடுதலைப் புலிகள் அமைப்பு 1992 மே மாதம் இச்சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்டது.

விலை கொடுத்தவர்கள்

ஸ்ரீபெரும்புதூருக்குப் பின் தமிழக மக்களின் ஆதரவு ஒரே இரவில் வடிந்தது. அதன் சுமை விழுந்தது, சதியில் எந்தத் தொடர்பும் இல்லாத அகதிகள் மீது. கும்மிடிப்பூண்டி உள்ளிட்ட முகாம்களில் கண்காணிப்பு இறுகியது. தொண்டு அமைப்புகளுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 1992 ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்புதல் தொடங்கியது. அவர்கள் விரும்பித்தான் சென்றார்களா என்ற ஐயம் அப்போதே எழுப்பப்பட்டது. ஐயத்துக்குரியவர்கள் எனக் கருதப்பட்ட இலங்கைத் தமிழர்களை, வெளிநாட்டினர் சட்டத்தின்கீழ் அடைத்து வைக்கும் சிறப்பு முகாம் செங்கல்பட்டில் இயங்கியது. வழக்கு முடிந்தோ பிணை பெற்றோ வெளியே வரவேண்டியவர்களும் அங்கு வைக்கப்பட்டனர். விடுவிக்கக் கோரி அவர்கள் பலமுறை உண்ணாவிரதம் இருந்தனர்.

எந்த மக்களின் பெயரால் குண்டு வெடிக்கிறதோ, அந்த மக்களே அதன் நீண்ட விலையைக் கொடுக்கின்றனர். செங்கல்பட்டு முகாமின் சுவர்கள் இதற்குச் சான்று. பயங்கரவாதம் எதிர்பார்ப்பதும் ஒருவகையில் இதையே: அரசு குற்றவாளியையும் குற்றமற்றவரையும் பிரித்துப் பார்க்கத் தவறினால், அமைப்புக்குப் புதிய ஆட்கள் கிடைப்பர்.

கடற்கரையின் மாற்றம்

2008 நவம்பர் 26 அன்று பத்துப் பேர் கடல் வழியாக மும்பைக்குள் புகுந்து 166 பேரைக் கொன்றனர். நடுக்கடலில் அவர்கள் கைப்பற்றியது ‘குபேர்’ என்ற இந்திய மீன்பிடிப் படகு. அதன் பின்னர் நாட்டின் கடற்கரை முழுவதும் பாதுகாப்பு வலுப்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994-லேயே தொடங்கப்பட்டிருந்தது.

மாமல்லபுரத்தையொட்டிய கடற்கரைக்கு இதில் தனி இடம் உண்டு. தெற்கே கல்பாக்கத்தில் 1983 முதல் அணு உலை இயங்குகிறது. வடக்கே கோவளம் வரை மீனவர் குப்பங்கள் உள்ளன. நடுவே உலகப் பாரம்பரியச் சின்னமான கடற்கரைக் கோயிலைக் காண வரும் கூட்டம். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கு சந்தித்தபோது போர்க்கப்பல்கள் கடலில் நின்று காவல் காத்தன. ‘சாகர் கவச்’ என்ற ஒத்திகை நடக்கும் நாள்களில், காவலர்களே ஊடுருவுபவர்போல் வேடமிட்டுப் படகில் வர, மற்றக் காவலர்கள் அவர்களைப் பிடிக்கின்றனர்.

மீனவர்களுக்கு அடையாள அட்டை, படகுகளுக்குப் பதிவு எண், கரையில் விசாரணை என்பன இன்று அன்றாட வழக்கமாகிவிட்டன. கடலில் அறிமுகமில்லாத படகை முதலில் காண்பவர் மீனவரே. அவரைச் சந்தேகிக்கப்படுபவராக நடத்தினால் அந்தக் கண்ணை இழக்க நேரும். துணைவராக நடத்தினால் அதைவிடச் சிறந்த காவல் இல்லை.

இன்றைய வடிவம்

1998 பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் நடந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் இறந்தனர். 1997-இல் அங்கு ஒரு காவலர் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்த கலவரத்தில் முஸ்லிம்கள் பலர் இறந்ததும் அதன் முன்கதை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதில் ஈடுபட்டவர்கள் உள்ளூர்ச் சிறு குழுவினர். அவர்களுள் உடன்பிறந்தவர்களும் இருந்தனர். அவர்கள் உறுதிமொழி எடுத்ததோ கடல் கடந்த ஓர் அமைப்பின் பெயரால்.

இன்று பயிற்சி முகாமுக்குச் செல்லத் தேவையில்லை, கைப்பேசி போதும். தலைமையும் வேண்டியதில்லை, தலைமையின் காணொளி போதும். துப்பாக்கி, கடிகாரக் குண்டு, மனிதக் குண்டு, கைப்பேசி எனக் கருவிகள் மாறிய இந்த நீண்ட காலத்தில் இரண்டு மட்டும் மாறவில்லை. ஒன்று, கேட்கப்படாத மனக்குறையை ஓர் அமைப்பு தன் கணக்குக்குப் பயன்படுத்திக்கொள்வது. மற்றொன்று, அந்தக் கணக்கில் சேராதவர்கள் இறப்பது. மீனம்பாக்கத்தில் விமானத்திற்குக் காத்திருந்தவர்களும் ஸ்ரீபெரும்புதூரில் தலைவரைக் காண நின்றவர்களும் அத்தகையவர்களே. ஸ்ரீபெரும்புதூரில் நினைவிடம் ஒன்று எழுந்துள்ளது. சட்டமும் காவலும் அடுத்த தாக்குதலைத் தடுக்கலாம். மனக்குறையைக் காலத்தில் கேட்பதும், குற்றவாளியை அவர் சார்ந்த சமூகத்திலிருந்து பிரித்துப் பார்ப்பதும் அரசுக்கும் மக்களுக்கும் உரிய பணிகளாகும்.